சண்டே கிளாஸில் பண்டிகைகளின் பொருளைச் சொல்லிக்கொடுப்பது: ஒத்திகைக்கு நடுவே நேரம் எங்கே?

பொருநைக்கரை கேட்டது:

ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் 28 பிள்ளைகள், 5 வயதிலிருந்து 13 வரை. ஆசிரியர் இரண்டே பேர். ஆராதனைக்கு முன்னால் 40 நிமிஷம் வகுப்பு. நவம்பர் பிறந்துவிட்டால் அந்த 40 நிமிஷமும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி ஒத்திகைக்குப் போய்விடுகிறது. பிள்ளைகளுக்கு ஸ்டெப் தெரிகிறது, எதற்கு ஆடுகிறோம் என்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் என்றால் என்ன என்று கேட்டால் கேக், புது டிரஸ். லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) என்றால் கறி எடுக்காத மாசம். ஈஸ்டர் என்றால் விடியக்காலம் நாலு மணிக்கு எழும்பணும். பெந்தெகொஸ்தே என்றால் “அது வேற சபை டீச்சர்” என்கிறார்கள்.

ஒவ்வொரு பண்டிகைக்கும் எத்தனை வாரம் ஒதுக்க வேண்டும்? சின்னதும் பெரியதும் கலந்து உட்காரும் வகுப்பில் எதைச் சொல்ல, எதை விட? கைவேலை வைத்தால் அதுவே நேரத்தைத் தின்றுவிடாதா? வரும் அட்வெந்திலிருந்து, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின காத்திருப்புக் காலத்திலிருந்து, ஒரு வருஷத்துக்குத் திட்டம் போட வேண்டும். கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஓலைப்பெட்டி:

சிஸ்டர், முதலில் ஒத்திகையை வகுப்பிலிருந்து வெளியே எடுங்கள். ஆராதனை முடிந்தபின் 20 நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். 20 நிமிஷத்தில் பழக முடியாத நிகழ்ச்சி உங்கள் சபைக்குப் பெரிய நிகழ்ச்சி என்று அர்த்தம். அதைச் சுருக்குங்கள். வேஷம் போடுகிற பிள்ளை “நான் யார், ஏன் வந்தேன்” என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத்தான் மேடையில் நிற்க வேண்டும் என்று வைத்தால், ஒத்திகையும் பாதி பாடமாகிவிடும்.

40 நிமிஷத்தைப் பிரிப்பது இப்படி: பாட்டும் ஜெபமும் 5, போன வாரக் கேள்வி 3, கதை 12, கைவேலை 12, மனப்பாட வசனம் 5, மீதி 3 நிமிஷம் வீட்டுக்கு எடுத்துப்போகும் ஒரு கேள்விக்கு. கதை 12 நிமிஷத்தைத் தாண்டினால் ஆறு வயசுப் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவார்கள். இரண்டு ஆசிரியர் என்பதால் பாட்டும் கதையும் எல்லாருக்கும் சேர்த்து, அதன்பின் எட்டு வயசுக்குக் கீழ், மேல் என்று இரண்டு வட்டம். சின்ன வட்டத்துக்குக் கைவேலை. பெரிய வட்டத்துக்கு வேதப்புத்தகத்தைத் திறந்து தேடும் வேலை.

அட்வெந்து முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் விழும். 2026-இல் நவம்பர் 29, அடுத்தவை டிசம்பர் 6, 13, 20. நாலு ஞாயிறு, நாலு மெழுகுவர்த்தி. நம்பிக்கை, சமாதானம், மகிழ்ச்சி, அன்பு என்று நாலு தலைப்பு வைப்பது வழக்கம். ஆனால் ஐந்து வயசுப் பிள்ளைக்கு “நம்பிக்கை” என்பது வெறும் சொல். ஆளை வைத்துச் சொல்லுங்கள், நிற்கும்.

முதல் வாரம் ஏசாயா. ஜன்னலைச் சாத்தி லைட்டை அணைத்துவிட்டு, “இருளில் நடக்கிற ஜனங்கள் பெரிய வெளிச்சத்தைக் கண்டார்கள்” என்று 9:2-ஐ வாசித்து முதல் திரியை ஏற்றுங்கள். இருட்டு 30 விநாடி போதும். நீட்டினால் சின்னதுகள் அழும், பெரியதுகள் ஊளையிடும்.

இரண்டாம் வாரம் மீகா 5:2, பெத்லகேம் என்ற சின்ன ஊர். நாசரேத்திலிருந்து பெத்லகேம் நூறு கிலோமீட்டருக்கு மேல். திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரி போகிறதைவிட அதிகம். பிள்ளைமாசத்தில் அந்தத் தூரம் என்றால் என்ன என்று பெரிய பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். மரியாள் கழுதையில் போனதாக லூக்கா எழுதவில்லை, அது படம் வரைந்தவர்கள் சேர்த்தது. அதையும் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் வாரம் யோவான் ஸ்நானன். இந்த வாரத்தைத் தவறவிடாதீர்கள், புதுச்சட்டைக்கான பாடமே இதுதான். லூக்கா 3:11, “இரண்டு அங்கிகளையுடையவன் இல்லாதவனுக்குக் கொடுக்கக்கடவன்.” நல்ல நிலையில் இருக்கிற ஒரு சட்டையைத் துவைத்து மடித்து அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லுங்கள். கிழிந்ததும் பொத்தான் இல்லாததும்தான் முதலில் வரும். “நீ கிறிஸ்துமஸுக்குப் போடுவியா?” என்ற ஒரே கேள்வியோடு திருப்பி அனுப்பலாம். பிள்ளையை அல்ல, சட்டையை.

நாலாம் வாரம் மரியாள், லூக்கா 1:26 முதல் 38 வரை.

மெழுகுவர்த்தி வளையத்துக்கு ஒரு எவர்சில்வர் தாம்பாளம், அதில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஈர மணல், சுற்றிலும் நாலு வர்த்தி, நடுவில் வெள்ளை ஒன்று. நடு வர்த்தி கிறிஸ்துமஸ் அன்றுதான். ஊதா வர்த்தி எல்லா ஊரிலும் கிடைக்காது. வெள்ளை வர்த்தியின் அடியில், மணலுக்கு ஒட்டி, ஊதா ரிப்பன் கட்டினால் போதும். மூன்றாவதுக்கு மட்டும் ரோஸ். பிளாஸ்டிக் இலை சுற்றாதீர்கள், உருகும். சவுக்குக் கிளையும் ஆபத்து, காய்ந்ததும் சட்டென்று பற்றிக்கொள்ளும். வாராவாரம் புதுசாக ஒடித்து வைக்க முடிந்தால் மட்டும் சவுக்கு. ஃபேனை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வர்த்தி ஒரு பக்கமாக ஒழுகி இரண்டாம் வாரமே சாயும். முதல் வர்த்தி நாலு வாரமும் எரிவதால் கடைசியில் குட்டையாக நிற்கும். மாற்றிவிடாதீர்கள். காத்திருந்த காலத்தின் அளவு அதுதான் என்று காட்டலாம்.

இந்த வளையத்தைப் பிள்ளைகளுக்காகவே முதலில் செய்ததாகச் சொல்வார்கள். 1839-இல் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஹெர்ன், “இன்னும் எத்தனை நாள்?” என்ற கேள்விக்குப் பதிலாக ஒரு வண்டிச்சக்கரத்தில் வர்த்திகளை ஏற்றிவைத்தார். உங்கள் வகுப்பிலும் அதே கேள்விதான் வரும்.

---

குடில்காரன்:

நான் கத்தோலிக்க மறைக்கல்விப் பக்கம். நாங்கள் திருவருகைக்காலம் என்போம். காரியம் ஒன்றுதான்.

ஓலைப்பெட்டி அண்ணன் சொன்னதோடு குடிலையும் சேருங்கள். குடிலை ஒரே நாளில் கட்டி முடித்து, பாலகன் முதல் ஒட்டகம் வரைக்கும் எல்லாவற்றையும் வைத்துவிடுவதுதான் எல்லா ஊரிலும் நடக்கிற தப்பு. முதல் வாரம் வெறும் கொட்டகையும் வைக்கோலும். இரண்டாம் வாரம் மாடு, ஆடு. மூன்றாம் வாரம் மேய்ப்பர்கள், தள்ளி. நாலாம் வாரம் சூசையப்பர், மாதா. பாலகன் 24-ம் தேதி இரவு. அதுவரை அந்த இடம் காலியாகவே இருக்கட்டும், “அங்கே ஏன் யாரும் இல்லை?” என்று பிள்ளைகளே கேட்பார்கள். பாலகன் சுரூபத்தை ஒரு டப்பாவில் போட்டு ஆசிரியரே வைத்துக்கொள்ளுங்கள். குடிலோடு விட்டால் காணாமல் போகும் முதல் பொம்மை அதுதான்.

ஞானிகளைக் குடிலில் வைக்கவே வேண்டாம். கோயிலின் கடைசி ஜன்னலில் வைத்து, வாரம் ஒரு ஜன்னலாக முன்னால் நகர்த்துங்கள். ஜனவரி 6-இல் வந்துசேரட்டும். நகர்த்தும் வேலையை ஒரு பிள்ளையின் பெயரில் எழுதிப் போட்டுவிட்டால் அந்தப் பிள்ளை ஒரு ஞாயிறும் லீவு போடாது. மத்தேயு 2:11-இல் அவர்கள் நுழைவது தொழுவத்துக்குள் அல்ல, வீட்டுக்குள். மூன்று பேர் என்றும் அங்கே இல்லை. காணிக்கைதான் மூன்று. பெரிய வட்டத்துக்கு இதைத் தேடும் வேலையாகக் கொடுங்கள்: “மத்தேயுவில் எத்தனை ஞானிகள்? பத்து நிமிஷத்தில் கண்டுபிடி.” எண்ணிக்கையே இல்லை என்று அவர்களாகக் கண்டுபிடித்தால் பிறகு மறக்க மாட்டார்கள்.

காணிக்கையைக் கையில் கொடுங்கள். பொன்னுக்குப் பித்தளை வளையல் போதும். சாம்பிராணியை வகுப்பிலேயே போடலாம், ஒரு மிளகளவு, கதவு திறந்திருக்கட்டும், இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் வெளியே வைத்துப் போடுங்கள். உங்கள் மொழிபெயர்ப்பில் தூபவர்க்கம் என்று இருக்கும், எங்கள் பொது மொழிபெயர்ப்பில் சாம்பிராணி என்றே இருக்கிறது. மூன்றாவது வெள்ளைப்போளம், ஒரு வாசனைப் பிசின். இதை வைத்துத்தான் கிறிஸ்துமஸையும் பெரிய வெள்ளியையும் முடிச்சுப் போட முடியும்: யோவான் 19:39-இல் நிக்கொதேமு அடக்கத்துக்குக் கொண்டுவருவதும் அதே வெள்ளைப்போளம், கரியபோளத்தோடு கலந்து ஏறக்குறைய நூறு ராத்தல், இன்றைய கணக்கில் 30 கிலோவுக்கு மேல். ஒரு அரிசி மூட்டையைக் காட்டி “ஏறத்தாழ இவ்வளவு” என்று சொல்லுங்கள். பிறந்தபோது வந்த பொருள் அடக்கத்திலும் வருகிறது என்பது மூன்று மாதம் கழித்து ஞாபகம் வந்தால் உங்கள் பாடம் பலித்தது.

வைக்கோல் வேலை ஒன்றும் உண்டு: ஒரு நல்ல காரியம் செய்தால் தீவனத்தொட்டியில் ஒரு வைக்கோல் போடலாம், பாலகனுக்கு மெத்தை. இரண்டாம் வாரம் போட்டியாக மாறும், பிடி பிடியாகத் திணிப்பார்கள். ஒரு நாளைக்கு ஒன்றுதான், யார் போட்டது என்று சொல்லக் கூடாது, யாரும் எண்ணக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

---

பொருநைக்கரை:

இரண்டு பேருக்கும் நன்றி. ஓலைப்பெட்டி அண்ணன், சட்டைக் காரியம் இந்த வருஷமே செய்கிறோம்.

இரண்டு சந்தேகம். பழைய மொழிபெயர்ப்பை வாசித்தால் “முன்னணை”, “சாஸ்திரிகள்” என்று வருகிறது, இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் விழிக்கிறார்கள். பெரிய பிள்ளைகளோ “25-ம் தேதி பைபிளில் எங்கே இருக்கு?”, “கிறிஸ்துமஸ் தாத்தா உண்மையா?” என்று கேட்கிறார்கள், அதுவும் சின்னதுகள் முன்னால்.

---

ஏட்டுப்பூச்சி:

சொல் விஷயத்தில் என் கருத்து: மனப்பாடத்துக்குப் பழைய மொழிபெயர்ப்பு, விளக்கத்துக்கு வீட்டுப் பேச்சு. பழையதன் ஓசை காதில் நிற்கும், அதை விட வேண்டாம். ஆனால் வாசிப்பதற்கு முன்பே கடினமான சொல் இரண்டைப் போர்டில் எழுதிவிடுங்கள், இரண்டுக்கு மேல் கூடாது. முன்னணை என்பது மாடு தின்கிற தொட்டி. ஊரில் காடி என்று சொல்லும் வீட்டுப் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையே விளக்கட்டும். பல பிள்ளைகள் முன்னணையைத் தொட்டில் வகை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படி நினைத்தால் கதையின் உயிரே போய்விடுகிறது. மாட்டின் எச்சில் பட்ட தொட்டி என்று சொன்னால்தான் “சத்திரத்திலே இடமில்லை” என்பதன் எடை தெரியும். சாஸ்திரிகள் என்றால் வான சாஸ்திரம் பார்த்தவர்கள், குடில்காரன் சொன்ன ஞானிகள்தான். அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், லால் பகதூர் வரமாட்டார்.

25-ம் தேதிக்கு மழுப்பாதீர்கள். வேதத்தில் தேதி இல்லை. ரோமாபுரியில் 4-ம் நூற்றாண்டில் டிசம்பர் 25-ஐக் குறித்துவைத்த பழைய நாட்காட்டிப் பட்டியல் இருக்கிறது, அந்தப் பதிவை 336-ம் வருஷத்ததாகக் கணக்கிடுகிறார்கள். “தேதி சபை வைத்தது, பிறப்பு தேவன் செய்தது” என்று சொல்லிவிடலாம். பதின்மூன்று வயசுப் பிள்ளை மறைக்கிறவரைத்தான் சந்தேகப்படும், “தெரியாது” என்கிறவரை அல்ல.

தாத்தாவுக்கு நல்ல வழி டிசம்பர் 6. அது மீரா ஊர்ப் பேராயர் நிக்கோலாவின் நாள். 4-ம் நூற்றாண்டுக்காரர், ஊர் இன்றைய துருக்கியில். 2026-இல் அந்த நாள் அட்வெந்து இரண்டாம் ஞாயிறாகவே விழுகிறது. வரதட்சணை கொடுக்க முடியாத ஒரு தகப்பன் வீட்டில் மூன்று பெண்களுக்காக இரவில் மூன்று பொற்கிழி போட்டார் என்பது அவரைப் பற்றிய மரபுக் கதை. நம் ஊர்ப் பிள்ளைக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை. யார் கொடுத்தது என்று தெரியாமல் கொடுத்தார் என்பதுதான் புள்ளி. சிவப்புச் சட்டைத் தாத்தா அந்த ஞாபகத்தில் போடும் வேஷம் என்று சொன்னால் சின்னவர்களும் அழமாட்டார்கள், பெரியவர்களையும் ஏமாற்றியது ஆகாது.

மனப்பாட வசனத்தை மட்டும் பரீட்சையாக வைக்காதீர்கள், 28 பிள்ளைகளும் ராகம் போட்டு ஒப்பித்துவிடுவார்கள். “பக்கத்து வீட்டுப் பிள்ளை, உங்க வீட்ல ஏன் ஸ்டார் கட்டியிருக்கீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவே?” என்று கேளுங்கள். ஒரே வாக்கியம், சொந்தச் சொல்லில். அது வந்தால் பாடம் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு பண்டிகைக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்: ஏன் நெற்றியில் சாம்பல், ஏன் கையில் ஓலை, ஏன் கல்லறைத் தோட்டத்துக்கு விடியக்காலம் போகிறோம்.

---

சிரட்டை:

எல்லாரும் கிறிஸ்துமஸிலேயே நிற்கிறீர்கள். பிள்ளைகளுக்கு உண்மையில் கஷ்டமான பகுதி லெந்திலிருந்துதான்.

2027-இல் ஈஸ்டர் மார்ச் 28, லெந்து தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10. நடுவில் 46 நாள். அதில் ஆறு ஞாயிறு உபவாசக் கணக்கில் சேராது, மிச்சம் 40. இந்தக் கழித்தலைப் பெரிய பிள்ளைகளே காலண்டரில் பென்சிலால் செய்யட்டும். ஈஸ்டர் ஏன் வருஷாவருஷம் மாறுகிறது என்பதையும் அதே காலண்டரில் காட்டலாம்: மார்ச் 21-ம் தேதியோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. தினசரிக் காலண்டரில் பௌர்ணமி போட்டிருக்கும், வட்டம் போடச் சொல்லுங்கள். சில வருஷம் சபைக் கணக்குப் பௌர்ணமியும் வானத்துப் பௌர்ணமியும் ஒரு நாள் தள்ளி நிற்கும், 2027-இல் சிக்கல் இல்லை.

லெந்தில் பிள்ளைகளைச் சாப்பாடு விடச் சொல்லாதீர்கள். ஒரு தின்பண்டத்தை விட்டு அந்தக் காசை உண்டியலில் போடட்டும், யாருக்குப் போகிறது என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள். கடைசி ஞாயிறு காலையில் அப்பா நூறு ரூபாயைத் திணித்து அனுப்புவதுதான் வழக்கமாக நடப்பது. பெற்றோருக்கு ஒரு துண்டுச்சீட்டு: “குறைவாக இருந்தாலும் பிள்ளையின் காசு மட்டும்.”

குருத்தோலைச் சிலுவை: ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு குருத்தோலை ஞாயிறு, அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் தென்னங்குருத்து வெட்டி ஈரச்சாக்கில் சுற்றி வையுங்கள். காலையில் வெட்டவெளியில் கிடந்தால் முறுகி, மடிக்கும்போது வெடிக்கும். மரத்தின் நடுக்குருத்தை அடியோடு உருவ விடாதீர்கள், மரம் பட்டுப்போகும். பாதி விரிந்த மட்டை போதும். ஒவ்வொரு கீற்றிலும் ஈர்க்கை உரித்துவிட்டால் இரண்டு நாடா கிடைக்கும். ஈர்க்கு கண்ணில் குத்தும் என்பதால் அதை ஆசிரியரே உரிக்க வேண்டும். சின்ன வட்டத்துக்கு இரண்டு துண்டு முறை: 20 செ.மீ. நாடா ஒன்று, 10 செ.மீ. நாடா ஒன்று. நீள நாடாவில் மேலிருந்து 6 செ.மீ. இறக்கி, நாடாவின் நடுவில், குட்டை நாடா நுழையும் அளவு மட்டும் நெடுக்காகக் கீறல். குட்டையை நுழைத்து இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் சிலுவை. கீறல் ஓரம்வரை போனால் பிளந்துவிடும், அதனால் கீறலை முந்தின நாளே போட்டு வையுங்கள். 28 பிள்ளைக்கு 40 ஜோடி வெட்டுங்கள், 12 எப்படியும் கிழியும். பவனிக்குப் பிடிக்கும் ஓலையைப் பவனி தொடங்கும்போதுதான் கையில் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிஷம் முன்னால் கொடுத்தால் வாள்சண்டை.

அந்த வாரப் பாடம் இயேசு கழுதையில் எருசலேமுக்கு வருவது, அதில் ஒரு தடங்கல் வரும். “கழுதை” என்று சொன்னதும் வகுப்பு சிரிக்கும், நம் பேச்சில் அது திட்டு. சிரிக்க விட்டுவிட்டு, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். யுத்தத்துக்குப் போகிற ராஜா குதிரையில் வருவான், சமாதானத்துக்கு வருகிறவர் கழுதையில் வருகிறார், சகரியா 9:9, 10 இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். பத்தாம் வசனத்தில் குதிரை அற்றுப்போவது இருக்கிறது, பலர் ஒன்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஓசன்னா என்பது வாழ்த்துச் சத்தமாக மட்டும் தெரிகிறது, அதன் வேர் சங்கீதம் 118:25, “இரட்சியும்” என்ற கூப்பாடு.

இயேசு சீஷர்களின் காலைக் கழுவின பெரிய வியாழனுக்குச் சொற்பொழிவு வேண்டாம். ஒரு பேசின், ஒரு சொம்பு, ஒரு துண்டு. ஆசிரியர் இரண்டு பிள்ளைகளின் காலைக் கழுவினால் போதும், வகுப்பு அமைதியாகிவிடும்.

பெரிய வெள்ளியில் மணிக்கணக்கைத் திருத்துங்கள். “ஆறாம் மணி நேரமுதல் ஒன்பதாம் மணி நேரம்வரைக்கும்” என்றால் பிள்ளைகள் காலை ஆறு, ஒன்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். சூரிய உதயத்திலிருந்து எண்ணும் கணக்கு, ஆறு கூட்டு: மத்தியானம் 12 முதல் 3. நம் மும்மணி ஆராதனை ஏன் அந்த நேரத்தில் என்பதும் இதிலேயே முடிந்துவிடும்.

---

குடில்காரன்:

பெரிய வெள்ளிக்கு நாங்கள் சிலுவைப்பாதையைப் பிள்ளைகளை வைத்தே நடத்துகிறோம், வேஷத்தோடு. அதையும் செய்து பார்க்கலாம்.

---

சிரட்டை:

பிரதர், பத்து வயசுக்கு மேல் சரி. அதற்குக் கீழே சாட்டை, ரத்தச் சாயம் எதுவும் கூடாது என்பதுதான் என் பக்கம். ஐந்து வயசுப் பிள்ளை அடிக்கிற ஆளைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகும், எதற்கு என்பதை அல்ல. “உன் பாவத்துக்காகத்தான் அடித்தார்கள்” என்று விரல் நீட்டிச் சொல்வதையும் விடுங்கள். “நம்மை நேசித்தபடியால் கொடுத்தார்” என்று அதையே சொல்லலாம். இன்னொன்று, “யூதர்கள் கொன்றார்கள்” என்று சொல்லாதீர்கள். இயேசுவும் மரியாளும் சீஷர்களும் யூதர்களே. தீர்ப்பு எழுதினது ரோம தேசாதிபதி பிலாத்து, சிலுவை ரோமருடைய தண்டனை.

முக்கியமானது: சின்ன வட்டத்துக்கு வெள்ளிக்கிழமைக் கதையைக் கல்லறையில் நிறுத்தாதீர்கள். ஞாயிறு அந்தப் பிள்ளை ஊருக்குப் போயிருக்கலாம். “மூன்றாம் நாள் எழுந்தார்” என்ற வரி அன்றைக்கே வந்துவிட வேண்டும்.

அந்தக் கதைக்கு ஏழு காலித் தீப்பெட்டி, உரசும் பக்கத்தில் காகிதம் ஒட்டி, எண் போட்டு: ஓலைத் துண்டு, துண்டுத்துணி (கால் கழுவினது), நாணயம், முள், சின்ன மரச்சிலுவை, கல், ஏழாவது காலி. ஒவ்வொன்றாகத் திறந்து அதனதன் கதை. முதல் தடவை செய்கிறவர்கள் அப்பத் துண்டையும் வைப்பார்கள், மறுநாள் பெட்டி முழுக்க எறும்பு. ஏழாவதைத் திறந்ததும் “டீச்சர், இதுல ஒண்ணுமே இல்ல” என்று ஒரு பிள்ளை கத்தும். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், இன்னொரு பிள்ளை பதில் சொல்லும்வரை பொறுங்கள்.

மூன்றாம் நாள் கணக்கு: வெள்ளி சாயங்காலம் முதல் ஞாயிறு விடியல்வரை இரண்டு நாள்கூட இல்லையே என்பார்கள். தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணுவது அவர்கள் வழக்கம், நமக்கும் அது புதுசல்ல. தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் ஜூலை 26 கொடியேறினால் ஆகஸ்ட் 5 பதினோராம் திருவிழா, கொடியேறின நாளே முதல் திருவிழா. அப்படியே வெள்ளி, சனி, ஞாயிறு.

குருத்தோலை ஞாயிறு அன்றே பாசிப்பயறு போடுங்கள். முந்தின ராத்திரி ஊறவைத்த பயறு, பிள்ளைக்கு ஐந்து. அடியில் ஓட்டை போட்ட சிரட்டையில் முக்கால்வாசி மண், விரல் நகம் ஆழத்துக்கு விதை. ஓட்டை இல்லாமல் தண்ணீர் தேங்கினால் அழுகும். ஆசையில் தினம் நாலு தடவை ஊற்றினாலும் அழுகும். காலையில் ஒரு கை தண்ணீர் போதும். ஈஸ்டருக்குள் பச்சை வந்துவிடும், அன்றைக்கு யோவான் 12:24 வாசியுங்கள். வராத சிரட்டைக்காக நீங்கள் தனியாக நாலு போட்டு வைத்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை, “விதை சாகாது டீச்சர், முளைக்கத்தானே செய்யுது” என்று கேட்கும். சரிதான். தோண்டி எடுத்துக் காட்டுங்கள்: முளை இருக்கிறது, போட்ட பயறு பயறாக இல்லை.

---

ஓலைப்பெட்டி:

சிரட்டை தங்கச்சி சொன்னதோடு ஒரு நடைமுறைக் கணக்கு. மார்ச், ஏப்ரல் பரீட்சை மாதம். பெரிய வட்டம் பாதி வராது. அவர்களுக்கான லெந்து பாடத்தை, அதாவது இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையான இரவின் பஸ்கா, ஆட்டுக்குட்டி, யாத்திராகமம் 12, ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்தே தொடங்கிவிடுங்கள். இதை விட்டால் “தேவ ஆட்டுக்குட்டி” என்ற சொல் அவர்களுக்குக் கடைசிவரை விளங்காது.

அடுத்த ஓட்டை பெந்தெகொஸ்தே, சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கின நாள். 2027-இல் மே 16, பள்ளி லீவு, பிள்ளைகள் ஆச்சி வீட்டில் இருப்பார்கள். மே 6 பரமேறுதலும் (இயேசு பரலோகம் ஏறின நாள்) அதே கதி, அதுவும் வியாழக்கிழமை. ஆகவே இரண்டையும் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பாடத்தில் ஒரு நாளாக வைத்துவிடுங்கள். பெந்தெகொஸ்தே என்றால் ஐம்பதாவது, உயிர்த்தெழுந்த ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் ஐம்பது. சபைப் பெயர் பிறகு வந்தது என்பதும் அதிலேயே தெளிந்துவிடும். அப்போஸ்தலர் 2:9-11-இல் எத்தனை ஜனம், எத்தனை தேசம் என்று எண்ணச் சொல்லுங்கள், பதினைந்து வரும். பிறகு தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி தெரிந்த நாலு பெரியவர்கள் யோவான் 3:16-ஐ ஒரே நேரத்தில் சொல்லட்டும். முதலில் இரைச்சலாகத்தான் கேட்கும். உடனே ஒவ்வொருவராகத் திரும்பச் சொல்ல வையுங்கள். அவரவர் பாஷையில் கேட்டார்கள் என்பதுதான் பாடம், சத்தம் அல்ல. இதை மறந்தால் பிள்ளைகளுக்குச் சத்தம் மட்டும் மிஞ்சும்.

அறுப்பின் பண்டிகைக்கு ஒரு வாரம் போதும். லேவியராகமம் 23:22, வயல் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடுவது, அதோடு ரூத்தின் கதை. வாரம் முழுக்க வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி பிள்ளையே எடுத்து வைத்துக் கொண்டுவரட்டும். காணிக்கைப் பொருள் ஏலத்தில் யார் வீட்டுச் சேவல் எவ்வளவுக்குப் போனது என்பதுதான் இல்லாவிட்டால் ஞாபகம் இருக்கும்.

---

பொருநைக்கரை:

எல்லாவற்றையும் நோட்டில் எடுத்துவிட்டேன். கடைசியாக ஒன்று: ஓலைச் சிலுவையைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? போன வருஷத்தவை வேதப்புத்தகத்துக்குள் நொறுங்கிக் கிடக்கின்றன. குப்பையில் போட மனசு வரவில்லை.

---

குடில்காரன்:

சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு, பிப்ரவரி 7, பழைய ஓலை எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் அதை எரித்த சாம்பல்தான் புதன்கிழமை நெற்றிக்கு வரும். மண்சட்டியில், வெளியே, பெரியவர் ஒருவர் எரிக்க வேண்டும். நன்றாகக் காய்ந்திருந்தால்தான் வெண்சாம்பல் வரும், ஈரம் இருந்தால் கரியாக நிற்கும். ஆறினபின் நுணுக்கிச் சல்லடையில் சலியுங்கள், சலிக்காவிட்டால் நெற்றியில் கீறும். தண்ணீரை மட்டும் ஊற்றிக் குழைக்காதீர்கள், சில நேரம் தோல் எரியும். உலர்ந்ததாகவோ ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயிலோ போதும். உங்கள் சபையில் சாம்பல் பூசும் வழக்கம் இல்லையென்றாலும் எரிப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அந்தச் சாம்பலைச் சிரட்டை அக்காவின் பயறு மண்ணில் ஒரு சிட்டிகை கலந்துவிடலாம்.